ஹாங்காங் டிம் சம் வரிசையில் நிற்பது எப்படி: சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு

ஹாங்காங்குக்கு டிக்கெட் போட வருகிறவர்கள் முதலில் விசா பற்றிக் கேட்பார்கள், அப்புறம் டிஸ்னிலாண்ட். இரண்டும் பேசி முடித்து எழுந்திருக்கும்போது யாராவது ஒருவர் மெதுவாக, "மேடம், அந்த விலை கம்மியான மிஷ்லின் டிம் சம் கடைன்னு சொல்றாங்களே, அதுக்கு எத்தனை மணிக்குப் போய் நிக்கணும்?" என்பார். டிம் சம் என்றால் தேநீரோடு சாப்பிடுகிற சின்னச் சின்னச் சீனப் பதார்த்தங்கள். மிஷ்லின் என்பது நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற பிரெஞ்சு வழிகாட்டிப் புத்தகம். எழும்பூரில் எங்கள் அலுவலகத்தில் இந்தக் கேள்வி என் மேசைக்குத்தான் வரும். எனக்கு அந்தச் சாப்பாட்டின் மேல் பிரியம் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்கும்போது பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நிற்கிற நேரம் வீணாகிற நேரம் இல்லை. சாப்பாட்டுக்கான வேலை முழுவதையும் முடிக்க வேண்டிய நேரம் அதுதான். மூங்கில் கூடையில் ஆவி பறக்க வருகிற இந்தச் சின்னச் சின்னப் பதார்த்தங்களுக்கு ஆயுசு ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு "உனக்கு என்ன, அவனுக்கு என்ன" என்று ஆரம்பித்தால், முதலில் வந்த கூடை ஆறிப்போகும், கடைசியில் வர வேண்டியது வரவே வராது. பின்னால் காத்திருக்கிறவர்களும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் எதைத் தொடமாட்டார்கள், எத்தனை தட்டு, யார் ஆர்டர் சீட்டில் எழுதுவது என்று எல்லாவற்றையும் வாசலிலேயே முடித்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள்தான் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

விசா கேட்டவர்களுக்கு ஒரு வரி. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்குப் போக 2017 ஜனவரியிலிருந்து இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் இல்லை. 14 நாள் வரை தங்கலாம். பதிவுச் சீட்டை அச்செடுத்துக் கையில் வையுங்கள். சரி, இனி சாப்பாடு.

எந்தக் கடை?

எல்லோரும் கேட்பது டிம் ஹோ வான். மாக் க்வாய் புய் என்ற சமையல்காரர், ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலின் லுங் கிங் ஹீன் உணவகத்தில் டிம் சம் செய்துகொண்டிருந்தவர். மூன்று மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய முதல் சீன உணவகம் அது. அங்கிருந்து வெளியே வந்து, 2009-இல் மோங் காக்கில் இருபது பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு கடையைக் கூட்டாளியோடு திறந்தார். பெரிய ஹோட்டல் கைமணம், தெருக்கடை விலை. கொஞ்ச காலத்திலேயே அதற்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது, உலகத்திலேயே மலிவான மிஷ்லின் நட்சத்திர உணவகம் என்று பெயர் பரவியது. அந்த நாட்களில் அந்தச் சின்ன வாசலில் மூன்று மணி நேரம் நின்றவர்கள் உண்டு.

இன்று நிலைமை வேறு, அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அந்த இருபது நாற்காலிக் கடை 2013-இல் ஒலிம்பியன் சிட்டி என்கிற மாலுக்குள் போய்விட்டது. பெயர் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. சிங்கப்பூரில் 2013 முதலே கிளை இருக்கிறது. இப்போது நிறுவனமே பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஜாலிபீ குழுமத்தின் கையில் இருக்கிறது. ஷாம் ஷுய் போ பகுதிக் கிளை பத்தாண்டுக்கு மேல் நட்சத்திரத்தை வைத்திருந்தது. சில வருஷங்களுக்கு முன் அதுவும் போய்விட்டது. "அப்போ எதுக்குப் போகணும்?" என்று கேட்பீர்கள். நட்சத்திரம் போனதால் அங்கே பேர்போன சுட்ட பன்றி இறைச்சிப் பன்னின் ருசி போய்விடவில்லை. வரிசைதான் குறைந்திருக்கிறது. என்னைக் கேட்டால், போவதற்கு இதுதான் நல்ல காலம்.

நான் அனுப்புவது ஷாம் ஷுய் போ கிளைக்குத்தான். ஃபுக் விங் தெரு, 9-11. சிம் ஷா சுய் பகுதியில் தங்கியிருந்தால் சிவப்பு நிற மெட்ரோ பாதையில் ஐந்தாவது நிறுத்தம். மால் கிளைகளில் ஏசி இருக்கும், சுத்தமாக இருக்கும், ஆனால் சுற்றிலும் பார்க்க ஒன்றும் இருக்காது. இங்கே காத்திருக்கிற நேரத்துக்கு ஊரே இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

எப்போது போவது?

ஹாங்காங் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை பத்து மணி என்றால் உங்கள் உடம்புக்கு ஏழரை. போன மறுநாளே காலையில் வரிசைக்குப் போகத் திட்டம் போடாதீர்கள். குழந்தைகளும் பெரியவர்களும் எழுந்திருக்கவே மாட்டார்கள், எழுந்தாலும் பசி இருக்காது. மூன்றாவது நாளில் வையுங்கள்.

வார நாளாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகச் சேர்ந்து தேநீர் குடிக்க வருகிற நாள். பாட்டியும் பேரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் இருப்பார்கள். அது அவர்கள் நாள், அவர்களுக்கு விட்டுவிடுங்கள். வார நாளில் இரண்டு நேரம் வசதி. ஒன்று, கடை திறப்பதற்குக் கால் மணி முன்னால். இன்னொன்று மதியம் இரண்டரைக்கும் நாலரைக்கும் நடுவில். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அலுவலகக் கூட்டம், அந்தப் பக்கமே போக வேண்டாம். பல டிம் சம் கடைகளில் மதியம் இரண்டுக்கு மேல் விலையும் கொஞ்சம் குறைவு. காலைச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து மூன்று மணிக்குப் போவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒத்துவந்தது.

சீனப் புத்தாண்டை ஒட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள். குடும்பமாக நடத்துகிற சின்னக் கடைகள் பல நாட்கள் மூடியிருக்கும். புயல் காலத்தில் எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றினால் ஊரே அடங்கிவிடும். கடை திறந்திருக்குமா என்று யோசிக்கவே தேவையில்லை, அறையிலேயே இருங்கள்.

எத்தனை பேராகப் போவது?

இதைத்தான் நம் ஆட்கள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. சென்னையிலிருந்து கிளம்பினால் தம்பதி இருவர், குழந்தைகள் இருவர், மாமனார், மாமியார், கூடவே நாத்தனார் குடும்பம் என்று எட்டு, பத்துப் பேர். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஷாம் ஷுய் போ போன்ற இடத்தில் கடை சின்னது, மேசைகள் நெருக்கம். எட்டுப் பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் காலியாவதற்குள் இரண்டிரண்டு பேராக வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டே போய்விடுவார்கள்.

பல கடைகளில் வரிசைக்காக வாசலில் கொடுக்கிற எண் சீட்டில் ஒரு எழுத்தும் இருக்கும். ஏ என்றால் ஒருவர் அல்லது இருவர், பி என்றால் மூன்று நான்கு பேர், சி என்றால் அதற்கு மேல். எல்லோரும் ஒரே வரிசை என்று நினைத்துக்கொண்டு, பின்னால் வந்தவரை முதலில் கூப்பிடுகிறார்களே என்று நம்மவர்கள் சண்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர் வேறு வரிசை, அவ்வளவுதான். எட்டுப் பேர் என்றால் நான்கு நான்காகப் பிரிந்து இரண்டு சீட்டு வாங்குங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு குழுவிலும் படிக்கத் தெரிந்த, காசு வைத்திருக்கிற ஒருவர் இருக்கட்டும். மாமியாரும் மருமகளும் எந்தக் குழுவில் என்பது உங்கள் குடும்பப் பிரச்சினை, அதில் நான் தலையிடவில்லை.

இன்னொன்று. எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் உட்கார வைப்பார்கள். "அவர் பின்னாடி வந்துட்டிருக்கார்" என்பது செல்லாது. மயிலாப்பூரில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற பழக்கம் இங்கே வேண்டாம். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வதும் வேண்டாம். கூடைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வருகிற பழைய காலத் தேநீர்க் கூடங்களில் அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் நின்று இடம் பிடிப்பார்கள். எண் சீட்டுக் கடையில் எண்தான் இடம்.

நான்கு பேர் மேசையில் நீங்கள் இரண்டு பேர் என்றால், முன்பின் தெரியாத இரண்டு பேரை எதிரே உட்கார வைக்கலாம். அந்த ஊரில் அது சாதாரணம். முகம் சுளிக்காமல் ஒரு தலையசைப்பு போதும். இருவராகப் போகிறவர்களுக்கு வரிசை வேகமாக நகர்வதும் இதனால்தான்.

வாசலில்

போன உடனே யார் பின்னாலும் போய் நிற்காதீர்கள். முதலில் வாசலில் இருக்கிற பணியாளரிடமோ இயந்திரத்திலோ எண் வாங்குங்கள். நிற்கிற கூட்டம் முழுவதும் ஏற்கெனவே எண் வாங்கியவர்களாக இருப்பார்கள். பணியாளர் கேட்பது எத்தனை பேர் என்பதுதான், விரலைக் காட்டினால் போதும். வாயால் சொல்ல ஆசையிருந்தால், இருவர் என்பதற்கு "லியொங் வாய்", மூவர் "ஸாம் வாய்", நால்வர் "ஸே வாய்". சொல்லிப் பாருங்கள், கண்டிப்பான முகம் கொஞ்சம் இளகும்.

எண்ணைப் பலகையில் காட்டுவார்கள், அல்லது கான்டனீஸ் மொழியில் உரக்கக் கூப்பிடுவார்கள். ஒன்றிலிருந்து பத்துவரை கேட்டுப் பழகிக்கொண்டு போங்கள்: யாத், யீ, ஸாம், ஸே, ங், லோக், சாத், பாத், காவ், ஸப். விமானத்தில் ஏறியபின் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், பெரியவர்களைவிட அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். கூப்பிட்டபோது இல்லாவிட்டால் எண் போனது போனதுதான். சில பணியாளர்கள் இரண்டு மூன்று எண் கழித்து உள்ளே விடுவார்கள், ஆனால் அதை நம்பிக் காலாற நடக்கப் போகக் கூடாது.

எண் வாங்கிய கையோடு ஆர்டர் சீட்டையும் கேளுங்கள். மெல்லிய தாளில் பதார்த்தங்களின் பெயர் வரிசையாக அச்சாகியிருக்கும், பக்கத்தில் கட்டம். ஆங்கிலத்திலும் பெயர் போட்டிருப்பார்கள். சில கடைகளில் இப்போது கைபேசியிலேயே ஆர்டர், அங்கே படத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். பேனா உங்களுடையதாக இருக்கட்டும். வாசலில் நின்றபடியே குறித்துவிடுங்கள்.

என் அம்மாவோடு போனபோது அவளுக்கு எழுபது தாண்டியிருந்தது. வெயில் இல்லாவிட்டாலும் ஹாங்காங் புழுக்கம் நம் மே மாசத்துக்குக் குறைந்ததில்லை. "ஏண்டி, ஒரு வேளை சாப்பாட்டுக்கு இவ்வளவு நேரம் நிக்கணுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பதில் சொல்லாமல் எண் சீட்டை அவள் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான், கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பலகையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "நம்மளுக்கு இன்னும் ஆறு பேர் இருக்கா. நீ போய்ச் சுத்திட்டு வா, நான் பார்த்துக்கறேன்." வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். மடக்கு ஸ்டூல் ஒன்று கையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. கடற்கரைக்கு எடுத்துப் போகிற அந்தச் சின்ன ஸ்டூல் போதும்.

சுற்றிவரப் போகிறவருக்கு: ஃபுக் விங் தெருவுக்கே பொம்மைத் தெரு என்று பெயர். கடை வாசலிலிருந்து இரண்டு பக்கமும் விளையாட்டுச் சாமான் கடைகள். பிறந்தநாள் விழாவில் கொடுக்கிற சின்னச் சின்னப் பரிசுப் பொருட்களை மொத்தமாக இங்கே வாங்கலாம். ரிச்சி தெருவில் அரை நாள் கழிக்கக்கூடிய ஆளாக இருந்தால் கொஞ்சம் தள்ளி அப்லியூ தெரு இருக்கிறது. நடைபாதை முழுக்க ஒயர், டார்ச், பழைய ரேடியோ, கேமரா. ஆனால் அங்கே போனால் நேரம் போவது தெரியாது, எண் வர இருபது நிமிஷத்துக்கு மேல் இருந்தால் மட்டும் போங்கள்.

என்ன குறிப்பது?

டிம் ஹோ வானில் நான்கு பதார்த்தங்களைத் தங்கள் ராஜாக்கள் என்றே சொல்லிக்கொள்வார்கள். சுட்ட பன்றி இறைச்சிப் பன், முள்ளங்கி கேக், பன்றி ஈரல் வைத்த அரிசி மாவுச் சுருள், ஆவியில் வேகவைத்த முட்டை கேக்.

அந்தப் பன்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மற்றக் கடைகளில் இதே பன் ஆவியில் வெந்து வெள்ளையாக, பஞ்சுபோல் வரும். இங்கே அடுப்பில் சுட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு தட்டில் மூன்று. மேலே சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்த ஒரு மெல்லிய மொறுமொறுப்பு, விரல் பட்டாலே வெடித்துப் பொடியாக உதிரும். அடியில் பன் மிருதுவாக இருக்கும். நடுவில் சிவந்த சாற்றோடு துண்டு துண்டாக இறைச்சி, இனிப்பும் உப்புமாக. தட்டு வந்ததும் கையில் எடுங்கள், ஆனால் உடனே கடிக்காதீர்கள், உள்ளே சாறு கொதித்துக்கொண்டிருக்கும். பிட்டு ஆவியை விட்டுவிட்டு மெதுவாகச் சாப்பிடுங்கள். பத்து நிமிஷம் கழித்து அதே பன்னைத் தொட்டால் மேலோடு ஈரம் இழுத்து நமுத்திருக்கும். இதற்குத்தான் நான் வாசலிலேயே முடிவு செய்யச் சொல்வது. இதைப் பார்சல் வாங்கி அறையில் போய்ச் சாப்பிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான்.

அடுத்து ஹார் காவ், இறால் வைத்த சின்னக் கொழுக்கட்டை. எல்லா டிம் சம் கடையையும் இதை வைத்துத்தான் எடை போடுவார்கள். கோதுமை ஸ்டார்ச்சில் செய்த தோல், உள்ளே இருக்கிற இறாலின் இளஞ்சிவப்பு நிறம் வெளியே தெரிகிற அளவுக்கு மெல்லியது. குச்சியால் எடுக்கும்போது கிழியவும் கூடாது, பல்லில் ஒட்டவும் கூடாது. ஆறினால் விறைத்துவிடும். கூடை வந்ததும் முதலில் காலியாக வேண்டியது இது. ஸியூ மாய் என்பது மேல் பக்கம் திறந்திருக்கிற வகை, அதில் பன்றியும் இறாலும் கலந்திருக்கும். கோழிக்கால் பிடிக்கிறவர்கள் கறுப்பு பீன்ஸ் சாற்றில் வருகிற கோழிப் பாதத்தைத் தயங்காமல் குறிக்கலாம். பிடிக்காதவர்களை வற்புறுத்தாதீர்கள். தாமரை இலையில் கட்டிய ஒட்டரிசிச் சாதம் வயிறு நிறைக்கும், அதனால் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இரண்டு பேருக்கு ஐந்து தட்டு ஆரம்பத்துக்குப் போதும். தட்டில் மூன்று நான்கு துண்டு இருக்கும். நான்கு பேருக்கு எட்டு அல்லது ஒன்பது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டு வந்துவிடுவார்கள். ஒவ்வொன்றாக வரும் என்று எதிர்பார்த்து நிறையக் குறித்தால் மேசை நிறைந்து பாதி ஆறிவிடும். வேண்டுமானால் இன்னொரு சீட்டு கேட்கலாம். நம் நாக்குக்குக் காரம் போதாது என்று தோன்றினால், "லாத் ஜியூ ஜியொங்" என்று கேளுங்கள், மிளகாய்ச் சாறு கிடைக்கும். பையிலிருந்து ஊறுகாயும் இட்லிப்பொடியும் எடுப்பதை வேறொரு வேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சைவம், மாட்டிறைச்சி, ஹலால்

சைவமாக இருக்கிறவர்களுக்கு நேராகச் சொல்கிறேன்: டிம் ஹோ வான் உங்களுக்கான கடை இல்லை. முள்ளங்கி கேக் என்ற பெயரை நம்பாதீர்கள். அரிசி மாவும் துருவிய முள்ளங்கியும்தான் அடிப்படை, ஆனால் அதில் சீனத் தொத்திறைச்சியும் காய்ந்த இறாலும் பொடியாக நறுக்கிச் சேர்ப்பது வழக்கம். பூ மிதக்கிற அழகான ஜெல்லி இனிப்பிலும் ஜெலட்டின் சேர்ப்பார்கள். முட்டை சாப்பிடுகிறவருக்கு முட்டை கேக் மட்டும் கிடைக்கும். குடும்பத்தில் பாதிப் பேர் சைவம் என்றால் அவர்களை வெறும் தேநீரோடு உட்கார வைக்காதீர்கள்.

அவர்களுக்காகவே தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஹாங்காங் பூங்காவுக்குள் லாக் சா தேநீர்க் கடை இருக்கிறது, அங்கே டிம் சம் முழுக்கச் சைவம். டைமண்ட் ஹில்லில் சி லின் என்ற பௌத்தப் பெண் துறவியர் மடத்தை ஒட்டிய நான் லியான் தோட்டத்தில், அருவிக்குப் பின்னால் ஒரு சைவ உணவகம். ஆணி அடிக்காமல் மரத்தைக் கோத்தே கட்டிய மடத்தையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம். நங்கநல்லூரிலிருந்து வந்த ஒரு தம்பதியை இந்த இரண்டுக்கும் அனுப்பினேன். திரும்பி வந்து அவர்கள் பேசியதெல்லாம் அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான்.

மாட்டிறைச்சி மட்டும் கூடாது என்பவர்கள், சீட்டில் ஆவியில் வேகவைத்த உருண்டை, அரிசி மாவுச் சுருள் இரண்டையும் கவனமாகப் படியுங்கள். அவற்றில் மாடு வருகிற வகைகள் உண்டு. "ம் ஸிக் ஙாவ் யுக்" என்றால் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன். மாடு, பன்றி இரண்டுக்குமான சீன எழுத்தைக் கைபேசியில் படமாகச் சேமித்துக் காட்டுவது இன்னும் பாதுகாப்பு.

இஸ்லாமிய நண்பர்களுக்கு வான் சாய் பகுதியில் ஓய் க்வான் சாலை, 40-ஆம் எண் கட்டிடம். அது மசூதியும் இஸ்லாமிய மையமும் சேர்ந்தது. ஐந்தாம் மாடியில் இருக்கிற கேன்டீனில் ஹலால் டிம் சம் கிடைக்கும். பன்றிக்குப் பதில் கோழியும் மாடும். விலையும் குறைவு, ஊர்க்காரர்களுக்கும் பிடித்த இடம், அதனால் வார இறுதியில் இங்கேயும் வரிசை உண்டு. டிம் சம் காலையிலிருந்து பிற்பகல் வரைதான், மாலையில் போய் ஏமாறாதீர்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும், முன்கூட்டியே போய்விடுங்கள்.

மேசையில்

உட்கார்ந்ததும் தேநீர் வரும். தலைக்கு இவ்வளவு என்று தேநீருக்குத் தனியாகப் பணம் போடுவார்கள், குடிக்காவிட்டாலும் உண்டு. அதைக் கேட்டு வாதாட வேண்டாம். போ லே என்ற தேநீர் வகையைக் கேளுங்கள். நிறம் கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கும், எண்ணெய்ப் பதார்த்தத்துக்கு நல்லது. பால், சர்க்கரை கேட்காதீர்கள்.

முதல் தேநீர் குடிப்பதற்கு இல்லை, கழுவுவதற்கு. எங்களோடு மேசையைப் பகிர்ந்துகொண்ட ஒரு வயதான அம்மாள் இதை என் அம்மாவுக்குச் செய்து காட்டினார். கிண்ணத்துக்குள் கோப்பையைச் சாய்த்து வைத்து, சூடான தேநீரை ஊற்றி, விரல் நுனியால் கோப்பையை ஒரு சுற்று சுற்றினார். அப்புறம் குச்சிகளின் நுனியைக் கோப்பையில் நனைத்து, ஸ்பூனைக் கழுவி, அழுக்குத் தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் கொட்டினார். ஒரு சொட்டு மேசையில் விழவில்லை. என் அம்மா எச்சில், பத்து எல்லாம் பார்க்கிறவள். இதைப் பார்த்ததும் அவளுக்கு அந்த ஊர் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. மொழி தெரியாத இரண்டு பேரும் அன்று முழுக்க ஒருவர் கோப்பையை ஒருவர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

யாராவது உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுங்கள், நன்றி சொன்னதாக அர்த்தம். தேநீர்க் குடுவை காலியானால் யாரையும் கூப்பிட வேண்டாம். மூடியைச் சரித்து வைத்துவிடுங்கள், வந்து வெந்நீர் நிரப்புவார்கள். பணியாளரை அழைக்க "ம் கோய்". ஊற்றினாலும், கொண்டு வந்து வைத்தாலும், வழிவிடச் சொன்னாலும் அதே வார்த்தைதான், தாராளமாகச் சொல்லலாம். அவர்கள் சிரிக்கவில்லையே, தட்டை வேகமாக வைக்கிறார்களே என்று மனம் வருந்த வேண்டாம். அந்தக் கடையில் ஒரு நாளைக்கு ஒரு மேசையில் எத்தனை முறை ஆட்கள் மாறுகிறார்கள் என்று பாருங்கள், நின்று பேச அவர்களுக்கு நேரம் கிடையாது. வேலை நறுக்கென்று நடப்பதே அங்கே மரியாதை.

பணம்

தட்டு ஒன்று பெரும்பாலும் 25 முதல் 40 ஹாங்காங் டாலருக்குள் வரும். ஒரு ஹாங்காங் டாலருக்கு 11 ரூபாய் போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் கூடலாம். அந்த ஊர்ப் பணம் 1983 முதல் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 என்பது கணக்கு. அன்றைய அமெரிக்க டாலர் மதிப்பை 7.8-ஆல் வகுத்தால் சரியான ரூபாய்க் கணக்கு வந்துவிடும். இருவர் நன்றாகச் சாப்பிட்டால் 2,000 ரூபாயை ஒட்டி ஆகும். சென்னைக் கணக்கில் இது மலிவு இல்லை. ஹாங்காங்கில் உட்கார்ந்து சாப்பிடுகிற எந்தக் கடையோடு வைத்துப் பார்த்தாலும் மலிவுதான்.

பில்லுக்கு "மாய் தான்". பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சேர்ந்திருந்தால் டிப்ஸ் தனியாக வைக்கத் தேவையில்லை. சின்னக் கடைகளில் 1,000 டாலர் நோட்டை வாங்கத் தயங்குவார்கள். சென்னையில் பணம் மாற்றும்போதே நூறும் ஐம்பதுமாகக் கேட்டு வாங்குங்கள். மெட்ரோவுக்கு வாங்குகிற ஆக்டோபஸ் அட்டையை நிறையக் கடைகளில் எடுத்துக்கொள்வார்கள், நாலு பேருக்கான பில்லுக்குப் போதுமான பணம் அதில் இருக்கட்டும்.

கடைசித் துண்டு வாயில் போனதும் எழுந்துவிடுங்கள். பை, கைபேசி, குழந்தையின் பொம்மை எல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் வெளியே வந்து கடையின் பெயர்ப் பலகையோடு எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு எண் வர எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம் நிற்கிறவர்கள் அப்போதும் வாசலில் இருப்பார்கள்.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள், அங்கேயே கிளை இருக்கிறதே, அங்கே சாப்பிட்டால் போதாதா என்று கேட்பதுண்டு. பிளாசா சிங்கப்பூரா மாலில் இருக்கிறது, அந்தப் பன்னும் கிடைக்கும், வரிசையும் அவ்வளவு இருக்காது. ஹாங்காங் போகிற வாய்ப்பே இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஹாங்காங் டிக்கெட் கையில் இருக்கிறவர்கள் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு ஷாம் ஷுய் போவுக்கே போங்கள்.